ஐந்து கொலோன் தாளும் ஓர் ஓவியமும்



என் முன்னே மேசைமீது ஒரு நாணயத்தாள் கிடக்கிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா என்னும் சிறு நாட்டில் ஒருகாலத்தில் வழங்கிய ஐந்து கொலோன் தாள் அது. இன்று இதனை எடுத்துக்கொண்டு அந்நாட்டுக் கடைக்குப் போனால் ஒரு தீப்பெட்டிகூட வாங்கமுடியாது. ஆயினும், உலகின் பல பாகங்களிலுமுள்ள நாணயத்தாள் சேகரிப்போர் தத்தம் ஏடுகளில் இதற்கென ஓரிடம் ஒதுக்கி வைத்திருக்கின்றனர். அருமையான பொருள் என்பதற்காக அன்று. இலட்சக்கணக்கில் அச்சான தாள் இது, சிறு தொகைக்கே கிடைக்கும். பார்ப்பதற்கு அழகானது என்பதே காரணம். உலகின் மிக அழகிய நாணயத்தாள்களுள் இஃதொன்று என்று சொல்வோர் பலர். இந்த அழகிய தாளின் பின்புறத்திலுள்ள படத்திலே பெரும்பிழைகள் சில உள்ளன. அப்பிழைகளைப்பற்றியும், அவற்றினும் பெரியதொரு பிழையைப்பற்றியும் சில நிமிடங்கள் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் நாட்டை அறிந்துகொள்வோம். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில், வடக்கே நிக்கராகுவாவுக்கும் தெற்கே பனாமாவுக்கும் இடையில் கொஸ்தாரிக்கா அமைந்திருக்கிறது. மேற்கே பசிபிக் சமுத்திரம். கிழக்கே கரிபியக் கடல். நடுவே எரிமலைகளோடு கூடிய மலைத்தொடர். அம்மலைகளின் நடுவிலுள்ள உயர்ந்த பள்ளத்தாக்கிலேதான் தலைநகராகிய சான் ஹொசே இருக்கிறது. பெயரின் பொருள் வளமான கரை என்பது. கொலம்பஸ் தமது நான்காம் பயணத்தில், 1502ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இன்றைய லிமோன் நகருக்கு அண்மையில் நங்கூரமிட்டார். அவருடைய பெயர் ஸ்பானிய மொழியில் கொலோன் என்றே வழங்கும். நாணயத்துக்கும் அப்பெயரையே இட்டார்கள். லிமோன் என்ற துறைமுகத்தின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். நமது கதை அங்கேதான் போய் முடியப்போகிறது.

இனித் தாளின் முகப்பைப் பார்ப்போம். பச்சை நிறமே மேலோங்கி நிற்கிறது. அதனோடு மெல்லிய ஊதாச் சாயல் கலந்திருக்கிறது. கொஸ்தாரிக்கா மத்திய வங்கி என்பது ஸ்பானிய மொழியிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வங்கி 1950இல் நிறுவப்பட்டது. ஒருபுறத்தில் ஒரு மனிதரின் உருவம். மறுபுறத்தில் ஒரு பூங்கொத்து. அப்பூவின் பெயர் குவாரியா மொராதா. ஓக்கிட் இனத்தைச் சேர்ந்த ஊதாநிறப் பூ. 1939ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராகத் தெரிந்தெடுக்கப்பட்டது. காட்டு மரங்களின் கிளைகளிற் பற்றி வளர்வது போலவே பழைய வீடுகளின் மண்சுவர்களிலும் ஓட்டுக் கூரைகளிலும் அது பற்றி வளரும். வருடத் தொடக்கத்து வறண்ட மாதங்களிலே பூத்துக் குலுங்கும். ஏழையின் கூரையிலும் பூக்கும் மலரை நாணயத்தாளில் இட்டது நல்ல தெரிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உருவமாயிருப்பவர் றஃபாயேல் இக்லேசியாஸ் காஸ்த்ரோ. 1894 முதல் 1902 வரை நாட்டின் சனாதிபதியாயிருந்தவர். அவருக்கு முன்னர் அப்பதவியிலிருந்த ஹொசே ஹொவாக்கின் றொட்றீகெசின் மருமகனுமாவார். ஆட்சி முறையில் இவர் மென்மையானவரல்லர். ஒருவரே தொடர்ந்து இருமுறை சனாதிபதியாக இருக்கலாகாதென்று அரசியலமைப்பிலிருந்த தடையைத் தம் காலத்திலேயே நீக்குவித்து, மறுபடியும் பதவியில் அமர்ந்தவர். ஆயினும் இந்தத் தாளில் அவர் இருப்பதற்கு வேறு யாரைவிடவும் கூடிய பொருத்தமுண்டு. 1896ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அதுவரை வழங்கிய பேசோவை விலக்கி, தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட கொலோன் நாணயத்தை ஏற்படுத்திய சட்டம் இவருடைய ஆட்சியிலேதான் நிறைவேறியது. இருபது கொலோன் பெறுமதியான பொற்காசுகளும் அதனைத் தொடர்ந்து வெளிவந்தன. ஒவ்வொன்றும் பதினைந்து கிராமுக்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. தம் கையாற் பொன்னாகப் பிறப்பித்த நாணயத்தின் கடதாசி உருவத்திலே, மிகச் சிறிய பெறுமதியுள்ள தாளொன்றில், அவர் முகம் பதிந்து நிற்பதை ஊழ் என்பதா? பின்புறத்தைப் பார்க்கும்போது இன்னொரு பொருத்தமும் புலனாகும்.

தாளைத் திருப்புவோம். சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் வெளிவந்த நாணயத்தாள்களின் பின்புறங்கள் பெரும்பாலும் ஒரு நிறத்திலோ இரு நிறங்களிலோ அமைந்தவை. இங்கோ பல வர்ணங்கள். புறம் முழுவதையும் ஓர் ஓவியம் நிரப்பி நிற்கிறது. ஒரு பக்கத்தில் பெண்கள் கோப்பிப் பழம் பறித்துக் கூடைகளிற் சேர்க்கிறார்கள். நடுவே திடகாத்திரமான ஓர் ஆண்மகன் பெரியதொரு வாழைக்குலையைத் தாங்கி நிற்கிறான். மறுபக்கத்தில் கோப்பி மூட்டைகள், அப்பால் கடல், கடலிலே கப்பல்கள். உழைப்பும் செழிப்பும் வாணிபமும் ஒரே பார்வையில் அடங்கிவிட்டன. உற்று நோக்காத கண்ணுக்கு இதைவிட நிறைவான படம் வேண்டியதில்லை.

இவ்வோவியம் தாளுக்கென வரையப்பட்டதன்று. சான் ஹொசேயிலுள்ள தேசிய நாடக அரங்கின் பிரதான மாடிப்படிகளுக்கு மேலே விதானத்தில் இருப்பது. கோப்பியும் வாழையும் பற்றிய உருவக ஓவியம் என்பது அதன் பெயர். அவ்வரங்கு எழுந்த கதை சுவையானது.

1888ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தலைநகரின் பழைய அரங்கு பாழாகிவிட்டது. 1890இல், இத்தாலிய இசைநாடகங்களிற் பாடி ஐரோப்பாவையே கவர்ந்த அடெலினா பாட்டி என்னும் பாடகியின் குழு மத்திய அமெரிக்காவுக்கு வந்திருந்ததென்றும், தக்க அரங்கில்லாத காரணத்தால் கொஸ்தாரிக்காவுக்கு வராமற் போய்விட்டதென்றும், அந்த அவமானம் தாங்காத கோப்பிச் செல்வர்கள் புதிய அரங்கு கட்ட முன்வந்தார்களென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையில் எவ்வளவு உண்மையிருப்பினும் இருக்கட்டும். ஏற்றுமதியாகும் கோப்பிக்கு வரி விதித்து அப்பணத்தில் அரங்கு கட்டுவதென அவ்வாண்டில் அரசாங்கம் தீர்மானித்தது உண்மை. ஆனால் அந்த வரி நீடிக்கவில்லை. 1893இல் அது நீக்கப்பட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்கள்மீது வரி விதிக்கப்பட்டது. இறக்குமதிப் பொருளை வாங்குவோர் யாவர்? துணி வாங்கும் ஏழையும், கருவி வாங்கும் கமக்காரனும் அதில் அடங்குவர். ஆகவே, கோப்பிச் செல்வர்களின் கொடை என்று பலரும் புகழும் அரங்கின் செலவில் ஒரு பங்கு, ஒருநாளும் அதனுள்ளே காலடி வைத்திராத மக்களின் பையிலிருந்து வந்ததாகும்.

1897ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் தேதி அரங்கு திறந்துவைக்கப்பட்டது. அப்போதைய சனாதிபதி யாரென்று நேயர்கள் ஊகித்திருப்பீர்கள்: தாளின் முகப்பிலிருக்கும் அதே இக்லேசியாஸ்தாம். பிரெஞ்சுக் குழுவொன்று கூனோவின் ஃபோஸ்ற் என்ற இசைநாடகத்தை நடித்தது. சலவைக்கற் படிகள், பொன்முலாம் பூசிய தூண்கள், முகப்பிலே பேத்தோவனுக்கும் ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனுக்கும் சிலைகள் என, பாரிசிலோ மிலானிலோ இருக்கவேண்டிய மாளிகையொன்று, ஏறக்குறைய இருபதினாயிரம் மக்களே வாழ்ந்த மலைநகரொன்றின் நடுவில் எழுந்து நின்றது.

விதானத்துக்கு ஓவியம் வேண்டுமல்லவா? ஐரோப்பியப் பாணியில் அரங்கு கட்டியவர்கள் ஓவியரையும் ஐரோப்பாவிலேயே தேடினார்கள். மிலான் நகரத்தவரான அலெயார்தோ வில்லா என்பவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1865இல் பிறந்த வில்லா கைதேர்ந்த ஓவியர். விளம்பரச் சுவரொட்டிகள் வரைவதிலும் பேர்பெற்றவர். நேப்பிள்சிலிருந்த பெரிய புடைவைக் கடையொன்றுக்கு அவர் வரைந்த சுவரொட்டிகள் இன்றும் போற்றப்படுகின்றன. அவர் 1897இல், மிலானிலே தமது கலைக்கூடத்திலிருந்தபடியே, கொஸ்தாரிக்காவின் கோப்பியையும் வாழையையும் வரைந்து முடித்தார். அந்த நாட்டை அவர் கண்டதில்லை. ஓவியம் கப்பலேறி வந்தது.

இப்போது பிழைகளைப் பார்ப்போம். கோப்பிச்செடி கடற்கரையில் விளையும் பயிரன்று. கொஸ்தாரிக்காவின் கோப்பித் தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீற்றர் முதல் 1600 மீற்றர் வரை உயரமுள்ள மலைச்சரிவுகளில் இருப்பவை. குளிர்ந்த இரவும் எரிமலை மண்ணுமே அதற்கு உயிர். கரிபியக் கடலோரமோ புழுக்கமும் ஓயாத மழையும் நிறைந்த தாழ்நிலம். ஓவியத்திலோ, பெண்கள் கோப்பி பறிக்குமிடத்திலிருந்து சில அடி நடந்தால் கப்பலில் ஏறிவிடலாம் போலிருக்கிறது. நமது மலைநாட்டை அறிந்த நேயர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொழும்புத் துறைமுகத்து மேடையில் நிறுத்தி ஒருவன் படம் வரைந்தால் நாம் என்ன சொல்வோம்?

கோப்பியைப்பற்றிச் சொல்லும்போது நம் நாட்டின் நினைவு வராமலிராது. இலங்கையும் ஒருகாலத்தில் கோப்பி நாடாக இருந்ததன்றோ? 1869இல் இங்கே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் நமது கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அந்த ஆண்டுகளிலே கொஸ்தாரிக்காவின் கோப்பி நோயின்றிச் செழித்து, அரங்கு கட்டுமளவுக்குச் செல்வத்தைக் கொடுத்தது. அதே நோய் பின்னர் அத்திலாந்திக்கைத் தாண்டி, 1970இல் பிரேசிலிலும் 1976இல் நிக்கராகுவாவிலும் 1983இல் கொஸ்தாரிக்காவிலும் தோன்றியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான பயணம். இது நமது பொருளுக்குச் சற்றுப் புறம்பானது; விட்டுவிட்டு வாழைக்குலைக்கு வருவோம்.

நடுவே நிற்பவன் குலையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்பது அரங்கைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் வழக்கமாகக் கூறும் குறை. அவன் அதைத் தாங்கும் விதமும் சிரிப்பை மூட்டுவதே. அக்காலத்தில் ஏற்றுமதியான குறோ மிஷேல் என்னும் வாழையினத்தின் குலை முப்பது கிலோவும் அதற்கு மேலும் நிறை கொண்டது. அதைத் தூக்கிப் பழகியவன் தோளிலே சும்மாட்டை வைத்து, குலையை அதன்மேற் சாய்த்து, முதுகை வளைத்து நடப்பான். வில்லாவின் மனிதனோ பூச்செண்டு ஏந்தும் மணமகனைப்போல நிமிர்ந்து நிற்கிறான். வாழையடி வாழையாக வாழைக்குலை வெட்டி வருகிற நம்மவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால், இவன் குலை தூக்கியவனல்லன் என்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். கோப்பி பறிக்கும் பெண்களின் உடையும் முகமும் இத்தாலியக் கிராமத்துத் திராட்சைத் தோட்டத்துக்குரியனவாகத் தோன்றுகின்றன. வில்லாவுக்குத் தெரிந்த அறுவடை அதுதானே.

இந்தப் பிழைகளைக் கேட்டுப் பயணிகள் சிரிக்கிறார்கள். வழிகாட்டிகளுக்கும் அது நல்லதொரு வேடிக்கை. ஆனால் குலை தலைகீழாக இருப்பதைக் கண்டு சிரிப்பவர்கள், அதைத் தாங்கி நிற்பவன் யார் என்று கேட்பது அரிது. என் மனத்தை உறுத்துவது அந்தக் கேள்வியே.

கொஸ்தாரிக்காவின் கோப்பி நெடுங்காலம் மாட்டுவண்டிகளில் ஏறி மேற்குக் கரையிலுள்ள புந்தரேனாஸ் துறைமுகத்துக்குப் போய், தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றி ஐரோப்பாவை அடைந்தது. நாட்களும் செலவும் கூடிய வழி. கிழக்குக் கரையிலுள்ள லிமோனுக்குப் புகையிரதப் பாதை அமைத்தால் பயணம் குறுகும் என எண்ணி 1871இல் வேலை தொடங்கினர். அடர்ந்த காடு, சதுப்பு நிலம், ஓயாத மழை, மலேரியாவும் மஞ்சட் காய்ச்சலும். பாதை முடிய 1890 டிசம்பர் மாதமாயிற்று. முதல் இருபத்தைந்து மைல்களை அமைக்கும்போது மாத்திரம் ஏறக்குறைய 4000 பேர் மாண்டார்கள் என்பர். சீனர் வந்தனர், இத்தாலியர் வந்தனர், அந்த இத்தாலியர் 1888இல் வேலைநிறுத்தம் செய்தனர். எல்லாரினும் மிகுதியாக வந்து நிலைத்து நின்றவர்கள் ஜமெய்க்காத் தீவின் கறுப்பின மக்கள்.

பாதையை முடித்த மைனர் கீத் என்னும் அமெரிக்கருக்கு, 1884ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி எட்டு இலட்சம் ஏக்கர் நிலமும், தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பாதையை நடத்தும் உரிமையும் கிடைத்தன. பாதையின் இருமருங்கிலும் அவர் வாழை நட்டார். 1899இல் அவருடைய தோட்டங்களும் வேறொரு பழக் கம்பெனியும் இணைந்து யுனைற்றெட் ஃபுறூற் கம்பெனி உருவாயிற்று. மத்திய அமெரிக்காவின் அரசியலையே ஆட்டிவைத்த கம்பெனி அது. வாழையை நட்டவரும் வெட்டியவரும் லிமோன் துறையிற் சுமந்து கப்பலேற்றியவரும் பெரும்பாலும் அந்த ஜமெய்க்கா மக்களே.

ஆகவே, 1897இல் வாழைக்குலை தாங்கிய ஒருவனை உண்மையாக வரைந்திருந்தால் அவன் முகம் கறுப்பாயிருந்திருக்கும். வில்லா வரைந்த முகம் மிலான் நகரத்து முகம். அவருக்கு அது தெரியாது. அவரை நான் குறைகூற மாட்டேன். கறுப்பின மக்கள் குலை சுமக்கிறார்கள் என்பது அறிந்த சான் ஹொசேச் செல்வர்கள் அந்தப் படத்தை விதானத்தில் ஏற்றி மகிழ்ந்தார்கள். தம்மை எவ்விதம் காண விரும்பினார்களோ அவ்விதமே படம் அமைந்திருந்தது. பிழை திருத்துவார் எவரும் இருக்கவில்லை. திருத்த வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

அந்த விருப்பம் வெறும் விதானத்தோடு நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டில், வாழைத் தோட்டங்கள் நோயுற்றுக் கம்பெனி மேற்குக் கரைக்கு மாறும்போது, அங்கே கறுப்பினத்தவரை வேலைக்கு அமர்த்தக்கூடாதென்று சட்டமே இயற்றினார்கள். லிமோனிற் பிறந்து வளர்ந்தவர்களிற் பலருக்குக் குடியுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரின் பின்னர், 1949இல் வந்த புதிய அரசியலமைப்போடுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. தாள் அச்சாகத் தொடங்கிய 1968இல் அம்மக்கள் அந்நாட்டின் குடிகள். அவர்கள் சட்டைப்பையிலும் இத்தாள் இருந்தது. படத்தில் மட்டும் அவர்களில்லை.

உருவக ஓவியத்தில் உண்மையைத் தேடலாமா, அது கற்பனையன்றோ என்று கேட்கும் நேயர்களும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. கோப்பியையும் கப்பலையும் ஒரே சட்டத்துள் அடக்குவது ஓவியனின் உரிமை; அதற்காக நான் வழக்காட வரவில்லை. சுவரொட்டி வரைபவருக்குரிய திறமையோடு வில்லா நிறங்களைக் கையாண்டிருக்கிறார் என்பதும், தூரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு உருவங்கள் தெளிவாகப் புலப்படுகின்றன என்பதும் உண்மை. அந்தத் தெளிவினாலேதான் கையகலத் தாளிற் சுருக்கியபோதும் படம் குழம்பவில்லை. ஆயினும், விதானத்திலிருப்பது ஒரு மாளிகைக்கு வந்தவர் மட்டும் பார்க்கும் படம். நாணயத்தாள் அப்படியன்று. அதைச் சந்தைக்காரியும் பள்ளிச் சிறுவனும் நாளும் கையில் எடுக்கிறார்கள். இதுதான் நம் நாடு என்று அரசாங்கம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் படம் அது. ஆதலின் அதற்கு வேறொரு பொறுப்புண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

தாளை அச்சிட்டவர்கள் இங்கிலாந்திலுள்ள தோமஸ் டி லா றூ கம்பெனியார். இலங்கையின் நாணயத்தாள்களையும் அச்சிடும் அதே கம்பெனி. முகப்பிலுள்ள உருவத்தை விரலாற் தடவினால் மெல்லிய மேடுகள் தெரியும். உலோகத் தகட்டிலே கோடுகளைக் குடைந்து, குழிகளில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தோடு தாளிற் பதிக்கும் முறையினால் வருவது அது. கள்ளத்தாள் அடிப்போர்க்கு அந்த மேடுகளே பெருந்தொல்லை.

சேகரிக்க எண்ணும் இளைஞர்களுக்கு இரண்டொரு குறிப்புகள் கூறுகிறேன். கொஸ்தாரிக்காத் தாள்களில் ஆண்டு மாத்திரமன்றி மாதமும் தேதியும் அச்சாகியிருக்கும். ஆகவே ஒரே தாளைத் தேதி தேதியாகச் சேர்ப்போர் உண்டு. 1968 முதல் 1992 வரை இத்தாள் வெளிவந்தது. கடைசி ஆண்டுகளின் தாள்கள் மலிவு, தொடக்க ஆண்டுகளினவற்றை மடிப்பில்லாது பெறுவது கடினம். ஸ்பெயினிலிருந்து விடுதலை பெற்று 150 ஆண்டுகள் நிறைந்ததைக் குறித்து 1971இலும், மத்திய வங்கியின் வெள்ளி விழாவைக் குறித்து 1975இலும், இதே தாளின்மேல் சிறப்பு வாசகங்களை மேலச்சிட்டு வெளியிட்டார்கள். அவை கண்ணிற் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

இனித் தாளின் வாழ்நாள். அது பிறந்த 1968இல் ஓர் அமெரிக்க டொலருக்கு 6.65 கொலோன். ஆகவே ஐந்து கொலோன் எழுபத்தைந்து அமெரிக்கச் சதம் பெறும். கையில் வைத்திருப்பதற்குரிய காசுதான். 1980வரை பெரிய மாற்றமில்லை. பின்னர் நாட்டைக் கடன் நெருக்கடி பற்றிக்கொண்டது. எண்ணெய் விலை ஏறிற்று, கோப்பி விலை இறங்கிற்று. 1982ஆம் ஆண்டின் முடிவில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய நாற்பது கொலோன் கொடுக்கவேண்டியதாயிற்று. 1983இல் ஐந்து கொலோனுக்கு உலோகக் காசு வந்தது. காசு வந்த பின்னர் தாளுக்கு வேலையில்லை. ஆயினும் அதை அச்சிடுவதை அவர்கள் நிறுத்தவில்லை! 1992இல், ஐந்து கொலோன் நாலு சதத்துக்கும் குறைந்துவிட்ட காலத்திலும், புதிய தாள்கள் வெளிவந்தன. எதற்காக? வாங்கிச் செல்வதற்கு வெளிநாட்டுப் பயணிகள் இருந்தார்கள். கடையிற் செல்லாத தாள் தேசிய அரங்கின் வாசலிலே, அதன் முகவிலையைப்போலப் பன்மடங்குக்கு விலைபோயிற்று. பணமாயிருந்து படமாய்ப்போன தாள் என்று இதனைச் சொல்லலாம்.

1991 ஏப்ரில் 22ஆந் தேதி லிமோன் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. கரையோரத்து நிலம் சில இடங்களில் ஒரு மீற்றருக்கும் மேலாக உயர்ந்துவிட, கடலடியிலிருந்த பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. சான் ஹொசேயில் அரங்கும் சேதமுற்றுத் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டது. படத்திலுள்ள துறைமுகத்தையும் படம் இருக்கும் மாளிகையையும் ஒரே அதிர்ச்சி ஒரே நாளில் அசைத்தது. அரங்கு பின்னர் திருத்தப்பட்டது. ஓவியம் இன்றும் விதானத்தில் இருக்கிறது. கீழே படிகளில் நின்று, கையிலுள்ள தாளையும் மேலேயுள்ள ஓவியத்தையும் மாறிமாறிப் பார்ப்போரை இன்றும் காணலாம்.

என்னிடமிருக்கும் தாள் பயணிகளுக்கு விற்ற புதுத்தாளன்று. நண்பரொருவர் பழைய புத்தகமொன்றினுள்ளே கண்டெடுத்து எனக்கு அனுப்பினார். எழுபதுகளின் தாள். மூலைகள் மழுங்கிவிட்டன, ஓரத்தில் எண்ணெய்க் கறை, யாரோ பென்சிலாற் கூட்டல் கணக்கொன்று எழுதி அழித்திருக்கிறார்கள். சேகரிப்போர் கண்ணுக்கு இது கழிவு. ஆனால் இது சந்தையிற் புழங்கிய தாள். பலர் இதைக்கொண்டு அரிசியும் சவர்க்காரமும் வாங்கியிருப்பர். நடுவே ஆழமாக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. மடித்து மடித்து அவ்விடத்தில் மை தேய்ந்து வெள்ளை தெரிகிறது. அந்த மடிப்பு சரியாகக் குலை தாங்கி நிற்பவனின் முகத்தின் மேலாகப் போகிறது.